சாக்கில் ஒட்டியிருந்த ஸ்பிரிங்

சாக்கை மடிக்கும்போதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. சணல் பிசிறு என்று நினைத்தேன், ஆனால் பிசிறு இப்படி வழுக்காது. இழுத்தேன். கிரீஸோடு சேர்ந்து சாக்கின் நூல்களிலிருந்து பிரிந்து வந்தது, வட்டமாக, வளையலைவிடப் பெரிதாக, பாவாடை நாடா அளவுகூடத் தடிமன் இல்லாத ஒரு சுருள் கம்பி. ஸ்பிரிங். ஆயில் கசியாமல் அடைக்கிற ஆயில் சீலின் ரப்பர் உதட்டைச் சுற்றி உட்கார்ந்து, அந்த உதட்டை எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ஸ்பிரிங். அது என் கையில் இருக்கிறது. சீல் அங்கே சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கிறது, ஹப் பிரேக் டிரம்மோடு டிப்பரின் பின் இடது பக்கம் ஏறிவிட்டது, அதன்மேல் இரண்டு டயர்களும் ஏறிவிட்டன, அக்கா வீட்டுக்காரரான மாமா நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறார். வீல் ஸ்பேனரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஒரு காலை வைத்து ஏறி நின்று, உடம்பு முழுக்க இறங்கும்படி ஒரு தடவை எம்பி. ஒவ்வொரு எம்பலுக்கும் நட்டு ஒரு முனகல் முனகுகிறது. அந்த முனகல் எனக்குள் எங்கேயோ கேட்கிறது. சொல்ல வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தது மனசு, ஆனால் கை அதற்குள் ஸ்பிரிங்கைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டது. கை எப்படி மனசைவிட வேகமாக வேலை செய்கிறது. காலையிலிருந்து செய்த எந்த வேலையிலும் கைக்கு இந்த வேகம் இல்லை. "மாப்ள, இந்தப் பைப்பை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு" என்றார் மாமா. போய்த் தள்ளினேன். "இவ்வளவு டைட்டு போதுமா? உங்க புஸ்தகத்துல கணக்கு போட்டிருப்பான்ல" என்றார். போதும் மாமா என்றேன். போதும் என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

பழைய சீலினுடையதாக இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது. நேற்றுப் பழைய ஆயில் சீலை உளியால் நெம்பித்தானே எடுத்தேன், தகரம் கிழிந்து இரண்டாக மடங்கித்தானே வந்தது, அப்போது அதன் ஸ்பிரிங் தெறித்து இந்தச் சாக்கில் விழுந்திருக்கலாம். ஆனால் பழையது கறுப்பாக இருக்கும். பல வருஷத்து ஆயில் குடித்துக் கறுத்திருக்கும். இதில் ஒட்டியிருந்தது புதுக் கிரீஸ், தேன் நிறத்தில், நான் இன்று காலை டப்பாவைத் திறந்து விரலால் எடுத்துத் தடவியது. சரி, பழைய ஸ்பிரிங்மேல் புதுக் கிரீஸ் ஒட்டியிருக்கலாம். பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துணியாலேயே துடைத்தேன். வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் பளபளவென்று இருக்கும் என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை, வேறு காரணம் இல்லை. இல்லை, மாமா பார்த்துவிடுவார் என்பதும் ஒரு காரணம். பழைய சீல் எங்கே என்றும் எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பெயிண்ட் டப்பா ஒன்றில் பழைய பேரிங்குகளோடு கிடக்கிறது. போய் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. அதில் ஸ்பிரிங் இல்லையென்றால் நான் தப்பித்தேன். இருந்தால். வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி எவ்வளவு தூரம், அம்மா கோலம் போட்டு முடித்துத் திரும்பிப் போகிற தூரம். என்னால் எழுந்து போக முடியவில்லை. சாக்கை விரித்தேன். மறுபடி மடித்தேன். இன்னும் சின்னதாக மடித்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நாமக்கல்லில் பட்டறைக்காரர் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், வரிசையில் நிறைய வண்டி நிற்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னபோது, நாமே செய்யலாம் மாமா என்று சொன்னது நான். பின் இடது சக்கரத்தில், அச்சுக்குள் ஊற்றும் கிரவுன் ஆயில் கசிந்து டிரம் ஓரமெல்லாம் மண் அப்பிக் கிடந்தது, பேரிங்கிலும் ஓர் இரைச்சல் இருந்தது. சீலும் பேரிங்கும் மாற்ற வேண்டும், அவ்வளவுதானே, வீடியோவில் பார்த்திருக்கிறேன், படித்தும் இருக்கிறேன் என்றேன். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வீட்டுலயே இன்ஜினியரை வெச்சுக்கிட்டு நான் எதுக்குப் பட்டறையில போயி நிக்கறேன்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா மேகலா என்னைப் பார்த்தாள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவனைப் பார்க்கும் பார்வை அன்று அவளிடம் இல்லை. பேரிங்கின் வெளி வளையம் ஹப்புக்குள் இறுக்கமாக இறங்க வேண்டியது, சுத்தியலால் அடித்து இறக்குவார்கள், அதனால் நேற்று ராத்திரியே அதைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் ஐஸ் வைக்கும் இடத்தில் வைத்தேன். மாவுப் பாத்திரத்துக்கு மேலே இரும்பா என்று அம்மா முகம் சுளித்தாள். பக்கத்து வீட்டு மாராக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன தம்பி, இரும்புல குல்பி போடறியா" என்று கேட்டாள். காலையில் எடுத்தபோது அதன்மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஹப்பை வெயிலில் வைத்திருந்தேன். துணியால் பிடித்து வளையத்தை வைத்தேன், தட்டினேன், கரண்டிக் காம்பால் தட்டுவது போலத்தான் தட்டினேன், உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு சத்தம். உட்கார்ந்த சத்தம். மாமா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அட" என்றார். அப்புறம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் கையை வைத்தார். குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், வெயிலில் விரியும், இது ஒன்பதாம் வகுப்புப் பாடம், ஆனால் அவர் அதை என்னுடைய கண்டுபிடிப்பு போலப் பார்த்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாராக்கா கிணற்றடியில் போய்ச் சொன்னாள். ரெண்டு பேர் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். நான்கு வருஷம் படித்தது வீண் இல்லை என்று அம்மா முகத்தில் எழுதியிருந்தது.

அப்போதுதான் அக்கா போனோடு வந்தாள். "தம்பி, அப்படியே நில்லு, ஒரு போட்டோ" என்றாள். நான் சீலின் உதட்டில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன், சுற்றிலும் ஒரே சீராக, விரல் நுனியால். அதைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கையில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டத்தோடு நின்றால் யாருக்கு என்ன புரியும், ஹப்பின்மேல் கை வைத்து நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, அப்படித்தான் நினைத்தேன், கல்லூரி நண்பர்கள் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன், ஓசூரில் வேலைக்குப் போய்விட்ட பிரவீணன் பார்ப்பான் என்றும் நினைத்தேன். சீலைச் சாக்கில் வைத்தேன். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று பார்க்கவில்லை. ஸ்பிரிங் இருந்த பக்கம்தான் கீழே இருந்திருக்கும், கிரீஸ் சணலில் ஒட்டியிருக்கும், திரும்ப எடுத்தபோது உதட்டைச் சுற்றியிருக்கும் காடிப் பள்ளத்திலிருந்து ஸ்பிரிங் வழுக்கிச் சாக்கிலேயே தங்கியிருக்கும். எடுத்தேன், மண் ஒட்டியிருக்கிறதா என்று ஊதினேன், சிரித்துக்கொண்டே ஹப்பில் வைத்துப் பலகையால் தட்டி இறக்கினேன். சிரித்துக்கொண்டே. அக்கா போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள், 'எங்க வீட்டு இன்ஜினியர்' என்று எழுதி, பக்கத்தில் கை தட்டுகிற படங்கள் வரிசையாக. அந்தப் படம் இப்போது யார் யார் கையிலோ திறந்து திறந்து மூடுகிறது. அதில் நான் ஹப்பின்மேல் கை வைத்து நிற்கிறேன், என் காலடியில் சாக்கு, சாக்கின்மேல் சீல் கவிழ்ந்து கிடக்கிறது. யாருக்கும் தெரியாது. பார்த்தால் தெரியாத படம்தான் அது.

"ஜாக்கை இறக்கறேன், தள்ளி நில்லு மாப்ள." வண்டி மெல்ல இறங்கியது. டயர்கள் தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கின. அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகளை மாமா காலாலேயே நகர்த்தினார். இறங்கிவிட்டது என்று ஆனதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து நானே பயந்தேன். இனிச் சொன்னால் மறுபடி ஜாக்கு, மறுபடி கட்டை, மறுபடி எல்லாம், அதனால் சொல்ல வேண்டாம் என்று ஒரு கதவு சாத்திக்கொண்ட நிம்மதி. மாமா இன்று மலைக்குப் போகிறார். கிரஷரில் ஜல்லி ஏற்றிக் கொல்லிமலைக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, திரும்பும்போது அங்கே பிடுங்கி வைத்திருக்கும் மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு ஏற்றி வருவார். ஏறும்போது பாரம், இறங்கும்போதும் பாரம். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் என்னையும் கேபினில் ஏற்றிக்கொண்டு போனார், அக்காவுக்குக் கல்யாணமான புதுசு, அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பயம், பேச்சே இருக்காது. இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இடது கையை நீட்டி என் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொள்வார். பெல்ட் இல்லாத கேபின். கியர் மாற்ற எடுப்பார், உடனே மறுபடி நெஞ்சுக்குக் குறுக்கே. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான், என்னைப் பார்க்காமலேயே. கையில் மயிர் கருகருவென்று இருக்கும், டீசல் வாசனை அடிக்கும். ஒரு வளைவில் முன்னால் போன லாரியிலிருந்து கருகல் வாசனை வந்தது. "லைனிங் கருகுது" என்றார். கண்ணாடியை ஏற்றினார், அந்த லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி வைத்திருந்தார். டிரம்மை உரசிப் பிடிக்கும் அந்த பிரேக் லைனிங்கில் ஆயில் பட்டால் கருகாது, வழுக்கும். பிரேக்கை மிதிப்பார், அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். மறுபக்கம் பள்ளமா மலையா என்பது அது எந்த வளைவு என்பதைப் பொறுத்தது. இதை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கே ஆகாது. நேர்மையாகவே யோசிக்கிறேன், ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் புது ரப்பர் கொஞ்ச நாளைக்குத் தன் பிடியிலேயே நிற்கும். கசிவு மெதுவாகத்தான் வரும். முதலில் ஈரம், அப்புறம் ஒரு கோடு, அப்புறம்தான் சொட்டு. இன்று போய்வரட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புது பேரிங் போட்டால் ஒரு வாரத்தில் திறந்து மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் மாமா என்று சொன்னால் போதும், நம்புவார். அதற்குள் ராசிபுரம் போய் யாருக்கும் தெரியாமல் இன்னொரு சீல் வாங்கி வந்துவிடலாம். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் மாற்றிவிடலாம். இன்னும் மூன்று பக்கமும் பிரேக் இருக்கிறது. அதுவும் உண்மைதான். எத்தனை உண்மைகள் எனக்குத் தெரிகின்றன. ஓசூரில் வேலைக்குப் போன நேர்முகத் தேர்வில், எதிரில் இருந்தவர் கையால் ஏதாவது வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டபோது ஓர் உண்மைகூட வாயில் வரவில்லை, இல்லை சார் என்றேன், அவர் பேனாவை மூடினார், பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேனா மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அடுத்த முறை கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது என்று இன்று காலை வளையம் உட்கார்ந்தபோது நினைத்தேன். சார், எங்கள் டிப்பரின் பின் ஆக்ஸில் சீலையும் பேரிங்கையும் வீட்டிலேயே மாற்றினேன். எப்படி மாற்றினாய் என்பார். சொல்வேன். ஃப்ரிட்ஜைச் சொல்வேன், அவர் சிரிப்பார். அப்புறம் என்ன என்பார். அப்புறம் ஒன்றும் இல்லை சார், வண்டி ஓடுகிறது. ஓடுகிறதா. மூன்று பக்கம் பிரேக் இருக்கிறது சார். கொண்டை ஊசி வளைவில் மாமாவின் இடது கை காலி சீட்டைத் தேடிப் போவது போல ஒரு படம் வந்தது, அவர் அப்படிச் செய்யவே மாட்டார், தனியாகப் போகும்போது எதற்குக் கையை நீட்டப் போகிறார், இருந்தாலும் வந்தது. எழுந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். கை கழுவப் போவது போலப் போனேன், யாரும் பார்க்காதபோதும் அப்படித்தான் போனேன். அம்மா அங்கே தாம்பாளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சோப்பு அந்தப் பக்கம் இருக்குது கண்ணு" என்றாள். அவள் விரல்களில் மஞ்சள். எலுமிச்சம்பழங்களை ஏற்கெனவே கழுவி முந்தானையில் போட்டிருந்தாள். "மாமா சொல்றாரு, இனிமே வண்டிக்கு எது வந்தாலும் எங்க பூபதிதான்னு. உங்கப்பாவுக்கும் பண்ணைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கோழிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை அந்த மனுசனுக்கு, ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு." சரிம்மா என்றேன். அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போகிற வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெயிண்ட் டப்பாவுக்குள் பேரிங் உருளைகள், கிழிந்த தகரம், ரப்பர் துண்டு. ரப்பரைத் திருப்பினேன். கறுப்பாக, எண்ணெயில் ஊறி, காடிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது அதன் ஸ்பிரிங். அவ்வளவு அடி வாங்கியும், உளியால் அவ்வளவு நெம்பியும், தகரமே கிழிந்தும், அது தன் இடத்தை விட்டு வரவில்லை. தப்பிக்க வழி இல்லை என்றால் மனம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. இப்போது வேறு சொன்னது. தெரியாமல் இருந்தவரைக்கும் நீ தவறு செய்தவன் மட்டும்தான், சந்தேகத்தோடு இருந்தவரைக்கும் கோழை, இப்போது தெரிந்துவிட்டது, இனி நீ யார். சோப்பு நுரை கையில் காய்ந்து இழுத்தது.

திரும்பி வந்தபோது நான்கு மூலைகளிலும் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அம்மா முன் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி பூசி நடுவில் குங்குமம் வைத்தாள், அப்புறம் எங்கள் பக்கம் வந்து, புதிதாகக் கழற்றி மாட்டிய சக்கரத்துக்கும், அதன் நடுவில் புதைந்திருந்த கிரீஸ் படிந்த ஹப் இரும்புக்கும் சந்தனம் வைத்தாள். நான் பூட்டிய இரும்பு. அதன் பின்னால் ஒரு வெற்றுக் காடி. சந்தனப் பொட்டு ஈரமாக மின்னியது. மாராக்கா சுவரைச் சுற்றி வந்து சூடத்தட்டுக்குக் கை நீட்டினாள். "ஒரு நல்ல வேலைக்குப் போயிருவான் பாரு" என்று அம்மாவிடம் சொன்னாள், சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே. மாமா உள்ளே போய் முகம் கழுவி வேறு சட்டை போட்டு வந்தார். தட்டில் தொட்டு என் நெற்றியிலும் விபூதி வைத்தார், எப்போதும் செய்யாத காரியம். கை கிரீஸ் வாசனை அடித்தது. "வர்றேன் மாப்ள" என்று ஏறினார். எஞ்சின் ஒரு குலுக்கலோடு பிடித்தது. பாக்கெட்டில் ஸ்பிரிங் தொடையோடு ஒட்டியிருந்தது, உடம்புச் சூட்டில் அதுவும் சூடாகியிருந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டால் முடிந்தது என்று எனக்கு ஏனோ தோன்றியது. நசுங்கியபின் சொல்வது வேறு, நசுங்கும் முன் சொல்வது வேறு. வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது, டயர் பழத்தைத் தொட்டது, பழம் கொஞ்சம் உருண்டு நின்றது. "மாமா." கேட்கவில்லை. கதவைக் கையால் தட்டினேன். "மாமா, ஆஃப் பண்ணுங்க. பின் சக்கரத்தைத் திருப்பிக் கழட்டணும்."

எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அடிக்குக் காத்திருப்பவன் போல நின்றேன். "ஏன் கண்ணு?" என்றாள் அம்மா. நான் வாய் திறப்பதற்குள் மாராக்கா முந்திக்கொண்டாள். "படிச்ச புள்ளைங்க அப்படித்தான். ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தாத்தான் அதுங்களுக்குத் தூக்கம் வரும். எங்க வீட்டுலயும் இருக்குதே ஒண்ணு, கதவைப் பூட்டாமயே ஊருக்குப் போவும்." அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "சின்னதுலயே அப்படித்தான் அவன், பரீச்சைப் பேப்பரை மணி அடிக்கிற வரைக்கும் குடுக்க மாட்டான்" என்றாள். மாமா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பொழுது போகிறது, கிரஷர்காரன் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான், இருந்தும் முகத்தில் கோபம் இல்லை. "உனக்குத் திருப்தி இல்லைன்னா கழட்டிருவோம் மாப்ள. மலைக்குப் போற வண்டி, நீ சொல்றதுதான் சரி" என்றார். சட்டைக் கையை மடித்தார், இப்போதுதான் மாற்றிப் போட்ட சட்டை. அக்கா உள்ளே போய்ப் பைப்பை எடுத்து வந்தாள், இழுத்து வர முடியாமல் இழுத்து வந்தாள். நான் பேசாமல் நிற்கலாம். எல்லாம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. சக்கரம் கழறும், டிரம் வரும், நான் குனிந்து சீலைப் பார்ப்பேன், பாக்கெட்டிலிருந்து எடுத்து யாரும் கவனிக்காமல் வைத்துவிடலாம், அல்லது சீல் சரியில்லை, கம்பெனித் தவறு, வேறு வாங்க வேண்டும் என்று சொல்லலாம், மலையும் பத்திரம், மாமாவும் பத்திரம், நானும் முன்னைவிடப் பெரிய ஆள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவமானத்துக்குப் பயந்தவன் இப்போது பாராட்டுக்குள் நிற்கிறேன். இது அதைவிட மோசமாக இருந்தது. நெற்றியில் விபூதி அரித்தது.

"திருப்திக்காக இல்லை மாமா" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். வட்டம் நசுங்கி எட்டு போல மடங்கியிருந்தது, உள்ளங்கையில் வைத்ததும் மெல்லத் தன் வட்டத்துக்கு வந்தது. "சீலுக்குள்ள இருக்க வேண்டியது. போட்டோ எடுக்கறப்ப கீழ வெச்சேன், கழண்டு சாக்குலயே ஒட்டிக்கிச்சு. இது இல்லாம ஆயில் நிக்காது. லைனிங்குல இறங்கிரும்." மாமா அதை எடுத்துப் பார்த்தார். பெருவிரலில் மாட்டிச் சுற்றினார். "இவ்வளவூண்டா" என்றார். அப்புறம், "இப்பத்தான் பாத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அதற்கும் அவர் தலையாட்டியிருப்பார். "இல்லை. நீங்க நட்டு முடுக்கறப்பவே கையில கிடைச்சிருச்சு. சொல்லலை." அம்மா கையில் சூடத்தட்டு இன்னும் இருந்தது, சூடம் எரிந்து தீர்ந்து கறுப்பாக ஒரு புள்ளி. மாராக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஏதோ அடுப்பில் வைத்திருப்பதாக முணுமுணுத்துவிட்டுப் போனாள். மாமா என்னையே பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், "இன்னைக்கு வண்டி வரலீங்க. இல்லீங்க, வேலை முடியலை. வேற வண்டி பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டார். என் பெயரை அங்கே சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், அது என்னை இன்னும் கீழே அழுத்தியது. அம்மா குனிந்து ஒவ்வொரு டயராகப் போய் எலுமிச்சம்பழங்களை எடுத்தாள், மண்ணை முந்தானையில் துடைத்தாள், ஒன்றில் மட்டும் டயர் தொட்ட இடத்தில் தோல் கன்றியிருந்தது. என்னைக் கடந்து உள்ளே போனாள், என்னைப் பார்க்காமல். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டை விரல் எதையோ அழுத்தியது, எதை என்று எனக்குத் தெரியும்.

"கழட்டு" என்றார் மாமா. மாப்ள என்று சொல்லவில்லை. ஸ்பேனரை நட்டில் மாட்டினேன், பைப்பைச் செருகினேன், கையால் அழுத்தினேன், அசையவில்லை. காலை வைத்தேன். ஏறி நின்றேன். என் எடை முழுக்கப் பைப்பின் நுனியில் நின்றது, பைப்பு கொஞ்சம் வளைந்தது, நட்டு அசையவில்லை. எம்பினேன். சிறுசாக ஒரு சத்தம்கூட இல்லை. இவ்வளவு முடுக்கியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று போதும் மாமா என்று சொன்னபோது, பாக்கெட்டில் அது இருந்தபோது, என்னை நம்பி உடம்பு முழுவதையும் இறக்கி இவ்வளவு முடுக்கியிருக்கிறார். மறுபடி எம்பினேன். செருப்பு வழுக்கியது, முழங்கால் டயரில் இடித்தது, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன், வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்காலைச் சுட்டது. இது ஒரு நட்டு. வட்டமாகச் சுற்றிலும் இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றையும் அவர் முடுக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாமா வந்து டயரைப் பிடித்துக்கொண்டு, பைப்பில் என் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. இருவர் எடையும் இறங்கியபோது உள்ளே எங்கேயோ, காலையில் கேட்ட அதே முனகலோடு, நட்டு ஓர் இழை விட்டுக்கொடுத்தது.